வடிவச்சார்பா, முகச்சார்பா?

> நானோபடிகத்தின் வடிவம் மாறினால் வினையூக்கமும் மாறுகிறது. ஆகவே 'வடிவச்சார்பு வினையூக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் அக்கா,

படிகத்தைப் பொறுத்து வினையூக்கம் மாறுவதற்கு நீங்கள் வைத்த தமிழ்க் கலைச்சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை செய்வது முகம், அதாவது படிகத்தின் தட்டையான வெளிப்பரப்பு. பெயரைத் தட்டிக்கொண்டு போவது வடிவம்!

சீரியம் ஆக்சைடையே பாருங்கள். அதன் நானோ கனசதுரம் வெளியே காட்டுவது 100 முகம் (படிகத்தை எந்தத் திசையில் வெட்டிய பரப்பு என்பதைச் சொல்லும் குறியெண் இது). எண்முகி காட்டுவது 111. நானோதண்டுக்கு 110, 100 இரண்டையும் சொல்வார்கள். 111 முகத்தில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் ஆக்சிஜன் சுலபமாகக் கழன்று வராது. மற்ற இரண்டிலும் அதைவிடக் குறைந்த ஆற்றல் போதும். இது எங்கே உதவும்? எரிபொருளிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் திண்ம ஆக்சைடு எரிபொருள் கலத்தின் ஆனோடில் நிக்கல் ஹைட்ரஜனைப் பிளந்து கொடுக்கிறது. மின்பகுபொருள் வழியே வரும் ஆக்சைடு அயனி அதனோடு சேர்ந்து நீராகிறது. எலெக்ட்ரான் வெளிச்சுற்றுக்குப் போகிறது. ஆனோடில் சீரியாவையும் (அதே சீரியம் ஆக்சைடு) சேர்த்தால், இந்த ஆக்சிஜன் கைமாற்றத்துக்கு அது எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பது பெரிதும் முகத்தைப் பொறுத்தது. கனசதுரமும் தண்டும் பார்வைக்கு வேறு, 100 முகம் இரண்டுக்கும் பொது. 'வடிவச்சார்பு' என்றால் அது தெரியாமலே போய்விடும். எனவே என் பரிந்துரை: முகச்சார்பு வினையூக்கம்.

'ஃபேசட்' என்பதற்குப் 'பட்டை' என்று ஜோகன்னஸ்பர்க் அண்ணன் எழுதியிருந்தார். கிம்பர்லி வைரம் எடுத்த நாட்டில் அந்த ஆசை வராமல் இருக்குமா? ஆனால் பட்டை ஒருவர் தீட்டி வருவது. படிக முகம் வளரும்போதே அமைவது. பள்ளிக் கணக்கிலேயே நான்முகி, எண்முகி என்றுதானே படித்தோம். ஆறுமுகம் குடும்பப்பெயராகவே இருக்கும் டர்பனில் முகத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வினையூக்கி என்றதும் இங்கே எல்லாரும் பிளாட்டினத்தையே நினைக்கிறார்கள். உலகப் பிளாட்டினத்தில் பெரும்பகுதி நம் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து போகிறது, நினைக்கத்தான் செய்வார்கள். இந்தக் கலத்துக்கு அது தேவையில்லை. 600 முதல் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிக்கலே போதும்.

அந்தச் சூட்டில்தான் சிக்கலும். நானோபடிகத்தின் ஓரம் மழுங்கும், பக்கத்துத் துகளோடு ஒட்டிப் பருக்கும். பாடுபட்டு வளர்த்த 100 முகம் கரைந்து, நிலைப்பு மிகுந்த 111 மேலோங்கிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு: நிக்கல் கலந்த பெரோவ்ஸ்கைட் என்ற ஆக்சைடு படிகத்துக்குள்ளிருந்தே நிக்கல் துகளை முளைக்க வைத்தால் அடிப்பாகம் தாய்ப்படிகத்தில் புதைந்திருக்கும். அவ்வளவு சீக்கிரம் நகர்ந்து ஒட்டாது. இந்தத் தாக்குப்பிடிப்புக்கு 'வடிவ நிலைப்பு' என்று சொல்லலாம். வடிவத்தை அங்கே வைத்துக்கொள்வோம், அக்கா.

– டர்பனிலிருந்து

> எனவே என் பரிந்துரை: முகச்சார்பு வினையூக்கம்.

தம்பி, முகச்சார்பு சரி, ஏற்கிறேன். வடிவ நிலைப்பும் இருக்கட்டும். ஆனால் நிக்கல் போன்ற உலோகத் துகளில் ஓரத்து அணுவும் மூலை அணுவும் முகத்து அணுவைவிடச் சுறுசுறுப்பாக இருப்பதுண்டு. துகள் சிறுக்கச் சிறுக்க அவற்றின் பங்கு கூடும். அதை முகச்சார்பில் அடக்க முடியாது. 'விளிம்புச்சார்பு' என்று தனியாக ஒன்று வேண்டும். அண்ணன் என்ன சொல்கிறார் பார்ப்போம்.