நின்னா அணையுற இன்ஜின்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பெகு பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா மனசுல கிடந்து உறுத்துது, அதான் இங்க கொட்டுறேன். வண்டி டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1500 சிசி, ஆட்டோ கியர். ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது, அலுங்காம போகும். நின்னா போச்சு. உர்ருனு ஏறும், பொசுக்குனு இறங்கும், ஸ்டியரிங் கையில உதறும், அப்படியே அணைஞ்சிடும். பிளக் நாலும் மாத்தியாச்சு, இன்ஜினுக்குக் காத்தை அளந்து விடுற த்ராட்டில் பாடி கழட்டிக் கழுவியாச்சு, ரங்கூன்ல ஒரு கடையில பெட்ரோல் பம்ப்புதான்னு அடிச்சு சொன்னான், அதையும் மாத்தினேன். கடன் வாங்கி மாத்தினேன். வண்டி அப்படியேதான் இருந்துச்சு.

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு ரங்கூன்ல இருந்து கூட்டிட்டு வரேன். ரயில்வே கேட்டு தாண்டி பத்தடி போகல, அணைஞ்சிடுச்சு. நமக்கெல்லாம் தெரியும், நம்ம பர்மாவுல ஸ்டியரிங்கும் வலது, ரோடும் வலது, அதனால நான் ஓரத்துப் பக்கம், அம்மா நடு ரோட்டுப் பக்கம். கண்ணுல கட்டோட உக்காந்துக்கிட்டு "என்னப்பா, எதுக்கு இத்தனை ஹாரன்"னு கேக்குறாங்க. அதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

தள்ளி ஓரங்கட்டி, எப்படியோ ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே பெகு வரைக்கும் வந்தேன். ஊருக்குள்ள நுழையுற இடத்துல தகரக் கொட்டாயில ஒரு பர்மாக்கார வயசான சயா, நம்ம ஊர்ல வாத்தியார்னு சொல்ற மாதிரி. கோளாறு பாக்குற ஸ்கேனர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பானட்டைத் தூக்கச் சொன்னாரு, தலையைச் சாய்ச்சு ஒரு நிமிசம் கேட்டாரு, அப்புறம் வால்வ் கவர்ல இருந்து, காத்து உள்ள போற இன்டேக்குக்குப் போற அந்தக் கட்டை விரல் தடிமன் ரப்பர் ஹோஸ் இருக்குல்ல, பிசிவி ஹோஸ், இன்ஜினுக்குள்ள கசியுற புகையைத் திரும்ப உள்ள இழுக்குறது, அதை இன்டேக் பக்கத்து முனையில ரெண்டு விரலால நசுக்கினாரு. அவ்வளவுதாங்க. அதுவரைக்கும் ரேடியேட்டர் பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவுல தண்ணி தத்தளிச்சுக்கிட்டு இருந்துச்சு, அது அப்படியே அசையாம நின்னுச்சு. விரலை எடுத்தாரு, மறுபடி தத்தளிப்பு. திரும்ப நசுக்கினாரு, நின்னுச்சு. என் கையைப் புடிச்சு ஹோஸுக்கு அடியில வச்சாரு, உள்வளைவுல நகம் போற அளவுக்கு வெடிப்பு, ரப்பர் எண்ணெயில ஊறி கொழகொழன்னு இருந்துச்சு. மேல இருந்து பாத்தா புது ஹோஸ் மாதிரிதான் தெரியும்.

நல்ல துண்டு வெட்டி மாட்டி கிளிப் போட்டு பத்து நிமிசத்துல அனுப்பிட்டாரு. காசு கொடுத்தா டீக்கு மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாரு. எனக்கு உறுத்துறது என்னன்னா, மூணு கடைக்காரங்கள்ல ஒருத்தன்கூட கையை உள்ள விட்டுத் தடவிப் பாக்கலையே. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

இன்சின் டாக்சி:
தம்பி, அம்மா கண்ணு இப்ப எப்படி இருக்கு? அதை முதல்ல சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, உங்க கதையைப் படிச்சிட்டு எல்லாரும் ஹோஸைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. எனக்கு வந்தது வேற. போன தின்ஜான் தண்ணித் திருவிழாவுல, சித்திரை வருசப் பிறப்புக்கு முந்தின நாள்தான், தண்ணி ஊத்துற மேடைப் பக்கம் சவாரி போய்ட்டு வரேன், பசங்க பைப்பு வச்சு அடிச்சு ஊத்துறாங்க, பானட் இடுக்குல எல்லாம் தண்ணி. அன்னிக்கு ஒண்ணும் ஆகல. மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணினா டுக்கு டுக்குன்னு மூணு காலு மாடு மாதிரி நொண்டுது, மீட்டர்ல செக் இன்ஜின் லைட்டு நிலையா எரியாம கண்ணைச் சிமிட்டுது. அது சிமிட்டினா மிஸ்ஸிங் பலமா இருக்குன்னு அர்த்தம், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக்கைப் பொசுக்கிடும், ஓட்டவே கூடாது. எனக்கு அப்பத் தெரியாது, மூணு நாள் ஓட்டினேன். தின்ஜான்ல கடை ஒண்ணும் திறக்கல, வீட்டுக்கு சம்பாத்தியம் வேணுமே.

நாலாம் நாள் மச்சான் வந்து, பிளக்குக்குக் கரன்ட்டு கொடுக்குற காயில் ஒவ்வொண்ணா உருவினான். ரெண்டாவது காயில் வரும்போது ஸ்ளுக்னு ஒரு சத்தம். உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா பிளக் குழியில தண்ணி நிக்குது, பிளக் தலை முங்கிக் கிடக்குது. காயிலோட ரப்பர் மூக்குல பென்சில்ல கோடு போட்ட மாதிரி கறுப்பா ஒரு தடம், மேல இருந்து கீழ வரைக்கும். கரன்ட்டு பிளக்குக்குப் போகாம அந்த வழியா இன்ஜின் பாடிக்கு ஓடியிருக்கு. தண்ணியைத் துணி விட்டு ஒத்தி எடுத்து, காத்தடிச்சுக் காய வச்சும் நொண்டல் போகல, ஏன்னா ரப்பர்ல தடம் விழுந்தா விழுந்ததுதான், காயில் மாத்தணும். தண்ணி நிக்கும்போதே பிளக்கைக் கழட்டிடாதீங்க, அத்தனையும் சிலிண்டருக்குள்ள இறங்கிடும்.

எது கெட்ட காயில்னு எப்படிப் பாக்குறதுன்னா, ரெண்டாவதை மூணாவது இடத்துல மாத்திப் போடணும். ஸ்கேனர்ல பி0302னு வந்தது பி0303னு மாறிட்டா காயில்தான், கடைசி எண்தான் சிலிண்டர் நம்பர். மாறாம அங்கயே நின்னா பிளக்கு, இன்ஜெக்டர், இல்லைன்னா கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அழுத்தம். காசே செலவு இல்ல. இன்ஜினை அணைச்சிட்டுத்தான் மாத்தணும், ஓடும்போது உருவினா கையில அடிக்கிற அடி சாமானியப்பட்டது இல்ல. வருசா வருசம் தின்ஜானுக்கு முன்னாடி பானட் ரப்பர் பீடிங் இருக்கான்னு பாருங்க, நம்ம ஊர் வண்டி பாதியில அது இருக்காது. பானட்ல தண்ணி பட்டதும் வண்டியை ஓரம் கட்டிக் குழியைப் பாத்துடுங்க, மறுநாளுக்கு விடாதீங்க.

சிரியம் அக்கா:
உங்க ரெண்டு பேருக்காவது வண்டி எல்லார் முன்னாடியும் அணைஞ்சுது, நம்பினாங்க. என் ஹோண்டா ஃபிட் பெட்ரோல் போட்டா மட்டும்தான் அணையும். முழு டேங்க் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணினா ரொம்ப நேரம் சுத்திதான் எடுக்கும், எடுத்தாலும் இழுத்து இழுத்து உதறும், பெட்ரோல் வாடை அடிக்கும், பங்க்ல இருந்து வெளிய வரதுக்குள்ள ரெண்டு தடவை அணையும். கால் மணி நேரம் ஓடிட்டா ஒண்ணுமே தெரியாது. ஒரு வருசம் இதைச் சொன்னேன். வீட்டுக்காரர், "உனக்குப் பதட்டம்"னாரு. கடைக்காரன், "அந்த பங்க்ல பெட்ரோல் சரியில்ல"ன்னான். பங்க் மாத்தினேன், அப்பவும் அப்படியேதான். பெட்ரோலுக்கு மணிக்கணக்கா கியூவுல நின்ன காலம் அது, நின்னு போட்டுட்டு கிளம்பும்போது அணைஞ்சா பின்னாடி இருக்கவங்க வாயில எல்லாம் விழணும். பொம்பளை ஓட்டினா இப்படித்தான்னு என் காதுபடவே சொன்னாங்க.

அப்புறம் தெரிஞ்ச பையன் ஒருத்தன், சின்னப் பையன்தான், இருவது வயசு இருக்கும், "பெட்ரோல் போட்டதும் மட்டும்தானே, அப்ப பர்ஜ் வால்வா இருக்கும்கா"ன்னான். டேங்க்ல கிளம்புற ஆவியைக் கரி டப்பாவுல தேக்கி வச்சு, வண்டி ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமா இன்ஜினுக்கு விடுற வால்வாம் அது. மூட வேண்டிய நேரத்துல மூடாம திறந்தே கிடந்தா, புதுசா போட்ட பெட்ரோலோட ஆவி அத்தனையும் மொத்தமா உள்ள போய் மூச்சு முட்டிடும். இன்ஜினை ஓட விட்டு, வால்வுக்கு வர வயர் சாக்கெட்டைக் கழட்டி, டப்பா பக்கத்து ஹோஸை உருவி, "விரலை வச்சுப் பாருங்கக்கா"ன்னான். வச்சேன். விரல் நுனியைக் கவ்வி இழுத்துச்சு, குழந்தை சூப்புற மாதிரி. வயர் இல்லாத வால்வு மூடித்தான் இருக்கணும், இழுக்கவே கூடாது. எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. ஒரு வருசமா நான் சொன்னது நிஜம்னு என் விரல்லயே தெரிஞ்சுது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைக்கச் சொன்னேன்.

தாத்தோன் வாசி:
அக்கா சொன்னது எனக்கு ரொம்பப் பட்டுச்சு. எங்க அண்ணன் வண்டிக்கு நடந்ததைச் சுருக்கமா சொல்றேன். கரன்ட் இல்லாத ராத்திரிக்கு வண்டி பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சு லைட்டு, ஃபேன், போன் சார்ஜ் எல்லாம் பாத்துக்குவோம், காலையில திரும்ப மாட்டுவோம். காலையில எடுத்தா ஐடிலிங், அதாவது நின்ன இடத்துல இன்ஜின் ஓடுறது, நிலையா இருக்காது, ஏறி இறங்கி அணையும், மத்தியானம் தானா சரியாயிடும். த்ராட்டில் பாடி மாத்தணும்னு சொல்லி விலையும் பேசிட்டாங்க. மாட்டப் போற நேரத்துல எங்க அத்தை பையன் வந்து, "நேத்து ராத்திரி பேட்டரி எங்க இருந்துச்சு"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ஐடிலிங்குக்கு எவ்வளவு காத்து விடணும்னு கம்ப்யூட்டர் கத்து வச்சிருக்கிறதைப் பேட்டரி கழட்டினதும் மறந்துடுமாம். த்ராட்டில்ல கரி படிஞ்சிருந்ததால மறதி பெரிய தொந்தரவா தெரிஞ்சிருக்கு. கழுவிட்டு, ஏசி, லைட்டு எதுவும் போடாம சூடாகுற வரைக்கும் சும்மா ஓட விட்டோம், தொந்தரவு நின்னுடுச்சு. இப்ப வீட்டுக்கு தனி பேட்டரி.

மோல்மீன் மெக்கானிக்:
எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். 30 வருசமா கையில எண்ணெயோட இருக்கேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

டாக்சி தம்பி, பெகு பையனை மறுக்க ஒண்ணுமே இல்ல, ரெண்டு பேரும் சொல்றது ரெண்டு வியாதி. ஒரு சிலிண்டர் மட்டும் நொண்டினா தாளம் சீரா இருக்கும், டுக்கு... டுக்கு... டுக்குன்னு ஒரே இடைவெளியில வரும். காத்துக் கசிவுன்னா தாளமே இருக்காது, ஏறும், இறங்கும், தேடும். பெகு சயா தலையைச் சாய்ச்சுக் கேட்டது அதைத்தான்.

காத்துக் கசிவு ஐடிலிங்ல மட்டும் ஏன் கடிக்குது? இன்ஜின் சும்மா நிக்கும்போது இழுக்குற காத்து ரொம்பக் கம்மி, இன்டேக் உள்ள வேக்குவம் அதிகம். அந்தக் கொஞ்சக் காத்துல வெடிப்பு வழியா திருட்டுத்தனமா வரது பெரிய பங்கு. ஏர் ஃப்ளோ சென்சார் அதை எண்ணாது, பெட்ரோல் பத்தாம போகும். 80ல போகும்போது காத்து ஆறு மாதிரி உள்ள போகுது, அதுல அந்தக் கசிவு கரைஞ்சிடும். ஸ்கேனர் இருந்தா ஃபியூல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுன்னு பாருங்க, ஐடிலிங்ல பிளஸ் 20, 25ன்னு நின்னு, 2500 ஆர்பிஎம்ல 5, 6க்கு இறங்கினா காத்துக் கசிவுன்னு எழுதி வச்சுக்கலாம். ரெண்டு இடத்துலயும் ஏறியே நின்னா பெட்ரோல் பக்கம் பாருங்க, பம்ப்பு, ஃபில்டர், இல்லைன்னா அழுக்கு சென்சார். தம்பிக்கு பம்ப்பு மாத்தினவன் இதைப் பாத்திருந்தா கடன் மிச்சம்.

கசிவைத் தேட கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு இன்ஜின் சத்தம் மாறுதான்னு பாக்குறவங்க, சூடான எக்சாஸ்ட் பக்கம் அடிக்காதீங்க, என் கண்ணு முன்னாடி ஒரு பானட் எரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு, இஜிஆர் வால்வு. கரி மாட்டி திறந்தே நின்னா, எரிஞ்ச புகை திரும்ப உள்ள வரும், ஐடிலிங்ல மட்டும் செத்துடும். அதையும் யாரும் பாக்குறதில்ல.

என் கதை பழசு. 2011ல பழைய வண்டியை ஒப்படைச்சா வெளிநாட்டுல இருந்து வேற வண்டி இறக்க பர்மிட்னு வந்தப்புறம்தானே இந்தக் கம்ப்யூட்டர் வண்டியெல்லாம் குவிஞ்சுது, அதுக்கு முன்னாடி பெரும்பாலும் கார்புரேட்டர்தான். ஒரு ஹைலக்ஸ் லைன் கார், ஆள் ஏத்துற பிக்கப் வண்டி, நின்னா அணையுதுன்னு வந்துச்சு. ஐடில் ஜெட்டைக் கழட்டிக் காத்தடிச்சேன், சரியாகல. மூணு தடவை கழட்டினேன். ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை ஏத்தி வச்சு அனுப்பினேன். ரெண்டு மாசத்துல வந்து நின்னுச்சு, கம்ப்ரஷன் பாத்தா மூணு சிலிண்டர் 160 சொச்சம், ஒண்ணு 60, எக்சாஸ்ட் வால்வு ஓரம் எரிஞ்சு பிறை நிலா மாதிரி கடிபட்டுக் கிடக்குது. முதல் நாளே கம்ப்ரஷன் கேஜ் போட்டிருந்தா வால்வு கிளியரன்ஸ் வச்சு, கொஞ்சம் தேச்சு முடிச்சிருக்கலாம். அந்த ஓனர் ஏழு பேர் சாப்பிடுற குடும்பம். அவர் ஒரு வார்த்தை சொல்லல. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு. அதுல இருந்து ஐடிலிங் ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் பாக்காம இருந்ததில்ல.

இன்சின் டாக்சி:
அண்ணே, மறுக்கல. ஹோஸை மட்டும் தேடாதீங்கன்னுதான் சொன்னேன். தாளம் சொன்னீங்களே, அது சத்தியம்.

பெகு பையன்:
அம்மாவுக்குக் கட்டு பிரிச்சாச்சு அண்ணே, நல்லா தெரியுது. சயா கடைக்கு மொய்ங்கா, மீன் குழம்பு நூடுல்ஸ், வாங்கிட்டுப் போனோம், அம்மாவே கையில கொடுத்தாங்க.

மேமியோ வேகன்ஆர்:
நடுவுல வரேன், மன்னிக்கணும். 660 சிசி வேகன்ஆர். சும்மா நின்னா ஓடுது. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு நின்னா உதறி அணையுது. காலை எடுத்தா தேவலாம். மலை ரோடு, பயமா இருக்கு. இது எந்த வியாதி?

மோல்மீன் மெக்கானிக்:
தம்பி, அது பிரேக் பூஸ்டர். அதுக்குள்ள டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம், இல்ல இன்டேக்ல இருந்து அதுக்குப் போற ஹோஸ் வெடிச்சிருக்கலாம், அதுவும் காத்துக் கசிவுதான். பெடல் கிட்ட காதை வச்சு இன்னொருத்தரை மிதிக்கச் சொல்லுங்க, ஸ்ஸ்ஸ்னு நிக்காம சத்தம் வரும். இன்ஜினை அணைச்சிட்டு நாலஞ்சு தடவை மிதிங்க, கெட்டியாகும். காலை அழுத்தி வச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்கலைன்னா வண்டியை எடுத்துக்கிட்டு மலை இறங்காதீங்க, யாரையாவது கூப்பிட்டு அங்கயே பாருங்க.

மேமியோ வேகன்ஆர்:
இப்பதான் பாத்தேன். தம்பியை மிதிக்கச் சொன்னேன், சத்தம் தெளிவா கேக்குது. பெடல் இறங்கல. சாவியைக் கழட்டி அம்மா கிட்ட கொடுத்துட்டேன்.