தீயணைப்பு நிலையத் தானியங்கிக் குரல் அறிவிப்புக்கு என்ன சொல்? (அழைப்பு வந்ததும் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று கணினியே நிலையத்தில் குரலில் சொல்வது.)

> “தானியங்கிச் செயற்கைக்குரல் அனுப்புகை” எனலாமா?

வேண்டாம் ஐயா. ‘அனுப்புகை’ என்றதும் பார்சல்தான் நினைவுக்கு வருகிறது. ‘செயற்கைக்குரல்’ என்றாலோ பாதிக் கருவிகள் சொல்லுக்கு வெளியே போய்விடும். அமெரிக்க நிலையங்களில் இரண்டு வகையும் உண்டு. ஒன்றில், ஆள் பேசி முன்பே பதிந்த வண்டிப் பெயர், எண், தெருப்பெயர்த் துண்டுகளைக் கணினி கோத்து ஒலிக்கும். கேட்கத் தெளிவு, ஆனால் புதுத் தெரு ஒன்று வந்தால் அதற்குப் பதிவே இருக்காது. மற்றது எழுத்தை நேரே பேச்சாக்கும் டி.டி.எஸ். எந்தப் பெயரையும் சொல்லும், தப்பாகவும் சொல்லும். முகவரியில் ‘எஸ்.டி.’ என்று இருந்தால் அது ஸ்ட்ரீட்டா, செயின்டா? ‘டி.ஆர்.’ டிரைவா, டாக்டரா? உச்சரிப்பு அகராதி ஒன்று வைத்து, எப்படி உச்சரிப்பது என்று கணினிக்குச் சொல்லும் எஸ்.எஸ்.எம்.எல். குறிகளால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

> ‘ஏவல் அறிவிப்பு’?

பொருள் கச்சிதம்தான். ஏவல், பில்லி, சூனியம் என்று அடுத்த வரியிலேயே யாராவது எழுதிவிடுவார்கள் :-)

என் பரிந்துரை ‘தானியங்கு புறப்பாட்டு அறிவிப்பு’. கேட்பவர் செய்ய வேண்டியதையே சொல் சொல்கிறது. அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1710 தரம் அளப்பதும் அதைத்தான்: அறிவிப்பு வந்ததிலிருந்து வண்டி நகரும்வரை, தீ என்றால் 80 வினாடி, மருத்துவ அழைப்பு என்றால் 60.

கூடவே இரண்டு சொல் தேவைப்படும். குரலுக்கு முன் வரும் ஒலிக்கு ‘எழுப்பொலி’. தூங்குபவரைத் தூக்கிப்போடாமல், மெல்லத் தொடங்கிக் கூடுவதை ‘ஏறு எழுப்பொலி’ எனலாம். அடுத்தது ‘முன்மௌனம்’. அறிவிப்பு வானொலி வழியாகப் போகும்போது, பரப்பி (டிரான்ஸ்மிட்டர்) முழுதாக விழித்துக்கொள்ளும் முன்பே குரல் தொடங்கினால் முதல் சொல் வெட்டுப்படும். முதல் சொல் பெரும்பாலும் வண்டி எண்! குரலுக்கு முன் அரை முதல் ஒரு வினாடி மௌனம் வைத்தால் தப்பிக்கலாம்.

> தானியங்கு புறப்பாட்டு அறிவிப்பு

எனக்குச் சம்மதம். ஆனால் விமான நிலையப் பலகையில் ‘புறப்பாடு’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது; கோயிலிலும் சாமி புறப்பாடு. ‘பணிப் புறப்பாட்டு அறிவிப்பு’ என்றால் குழப்பம் இல்லை. ‘தானியங்கு’ முன்னொட்டை, ஆள் மைக்கில் சொல்வதிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் போடலாம். கணினி நின்றுபோனால் ஆள்தான் சொல்லியாக வேண்டும் என்பதால் இரண்டுக்கும் பொதுச்சொல் வேண்டும்.

விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேருங்கள். குரலை அலுவலக ஸ்பீக்கரில் கேட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமான தவறு. வானொலியில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ‘ஸ’வையும் ‘ஃப’வையும் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே. எண்களும் குழம்பும்: ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ வண்டிகள் ஒரே நிலையத்தில் இருந்தால் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கமாகவே சொல்ல வைக்க வேண்டும். வண்டிக்கூடத்தில் எஞ்சின் ஓடும்போது கேட்டுப் பார்த்த பிறகே குரலை முடிவு செய்யலாம்.

‘முன்மௌனம்’ நன்று. ‘ஏறு எழுப்பொலி’ வாயில் இடறுகிறது; ‘ஏறொலி’ போதாதா?