கொலோன் பேராலயம்: 632 ஆண்டுகளா, 350 ஆண்டுகளா?

கல்தச்சன்: ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை "632 ஆண்டுகள் இடைவிடாமல் கட்டினார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுத, ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறீர்கள். தப்பு. 1248-இல் அடிக்கல். 1560-இல் காசில்லாமல் வேலை நின்றது. 1842-இல்தான் மறுபடி தொடங்கி 1880-இல் முடித்தார்கள். நடுவே 282 ஆண்டுகள் கட்டடம் ஒரு முழம்கூட வளரவில்லை. கழித்துப் பாருங்கள், 350.

ரைன்கரை: எழுதியவன் நான்தான். 1880-இல் 1248 போனால் 632. இதற்கு ஒரு பஞ்சாயத்தா?

கல்தச்சன்: கழித்தலில் குற்றமில்லை, "இடைவிடாமல்" என்ற சொல்லில்தான். தென்கோபுரம் இன்றைய உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோடு நின்றுபோனது. அதன் தலையில் மரப் பாரந்தூக்கி ஒன்று ஏறத்தாழ 400 ஆண்டுகள் நின்றது. சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்து நடந்து கல்லை மேலே ஏற்றும் வகை. 1868-இல்தான் இறக்கினார்கள். அந்த ஊரின் பழைய ஓவியங்களில் மொட்டைக் கோபுரமும் அந்த மரக்கொம்பும்தான் தெரியும். அதுவா இடைவிடாத வேலை?

மலர்விழி: 533 படி ஏறிப் பார்த்தவள் சொல்கிறேன். இரண்டு கோபுரங்களையும் முடித்தது 19-ஆம் நூற்றாண்டில். கூரையைத் தாங்குவது இரும்புச் சட்டம். அப்புறம் எப்படி அது இடைக்காலக் கட்டடம்?

கல்தச்சன்: படி ஏறினால் போதுமா அம்மா? கிழக்குப் பகுதியையும் பாருங்கள். அங்கே திருப்பலி பீடப் பகுதி 1322-இலேயே வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தப்பட்டது. 43 மீட்டர் உயர வளைகூரை, வெளியே அதற்கு முட்டுக்கொடுக்கும் பறக்கும் வளைவுகள், எல்லாம் அந்தக் காலத்துக் கைவேலை. கோபுரங்களும் சொந்தக் கற்பனை இல்லை. நாலு மீட்டர் நீள இடைக்காலத் தோல் வரைபடத்தில் ஒரு பாதி 1814-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் கிடைத்தது, மறுபாதி 1816-இல் பாரிஸில். அதை வைத்துத்தான் 157 மீட்டருக்கு ஏற்றினார்கள்.

மலர்விழி: வரைபடம் பழசு என்றால் கல்லும் பழசாகிவிடுமா?

செங்கல்: ஆலயத்தின் கல் கறுத்துக் கிடக்கிறதே, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுப் புகையில்தானே அது கறுத்தது?

கல்தச்சன்: இல்லை. நகரத்துக் காற்றின் மாசும் கரியும் படிந்து கறுத்தது. போரில் 14 பெரிய குண்டுகள் விழுந்தது உண்மை, நிறம் அதனால் வந்ததில்லை.

செங்கல்: கேட்டதற்கு இவ்வளவு கோபமா? போன மாதம் பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் எல்லோர் வாயையும் அடைத்தீர்கள்.

கல்தச்சன்: ரீம்ஸிலும் நான் சொன்னதுதான் சரி. அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

ரைன்கரை: வேலை நின்றாலும் அங்கே வழிபாடு நிற்கவில்லை. ஆலயம் ஆலயமாகத்தான் இருந்தது. 632 என்பதை நான் மாற்றுவதாக இல்லை.

கல்தச்சன்: கும்பிட்டதையா கட்டியது என்று எழுதினீர்கள்? 350.

ரைன்கரை: 632.

மலர்விழி: இரும்புக் கூரைக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.