கொலோபஸ் என்ற பெயர் அந்த ஆப்பிரிக்கக் குரங்குக்கு நியாயமா?

வேர்ச்சொல்: கொலோபஸ் என்றால் என்ன அர்த்தம் என்று தேடிப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. கிரேக்கத்தில் ‘கொலொபோஸ்’ என்றால் நறுக்கப்பட்டது, அங்கம் குறைந்தது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன மேடு மட்டும் இருப்பதால் 1811இல் இல்லிகர் என்ற ஜெர்மானியர் இப்படிப் பெயர் வைத்துவிட்டார். கறுப்பு உடம்பின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சால்வை போல முடி தொங்க, வால் நுனியில் குஞ்சத்தோடு கிளைக்குக் கிளை பாய்கிற விலங்கு அது, குட்டியோ பிறக்கும்போது முழு வெள்ளை! இத்தனையையும் விட்டுவிட்டு இல்லாத விரலைப் பிடித்துக்கொள்வதா? எத்தியோப்பியாவில் குவெரேசா என்கிறார்கள். தமிழிலும் அப்படியே எழுதலாம்.

கருமந்தி: ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த விரல் இல்லாததுதான் அந்தக் குரங்கின் விசேஷமே. மற்ற நான்கு விரல்களும் கொக்கி மாதிரி வளைந்து கிளையைப் பிடிக்கின்றன, அங்கே கட்டைவிரல் வெறும் இடைஞ்சல். நம் நீலகிரிக் கருமந்தியும் அதே இலைதின்னிக் குடும்பம்தான், அதற்கும் கட்டைவிரல் குட்டைதான். நீளமுடியையும் யாரும் மறக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கொலோபஸ் இனத்துக்கு 1780லேயே சிம்மர்மன் என்ற விலங்கியலாளர் ‘பாலிகோமோஸ்’, அதாவது முடி நிறைந்தது என்று வைத்துவிட்டார்.

வேர்ச்சொல்: இடைஞ்சல் என்றால் அதைக் குறை என்று ஏன் சொல்ல வேண்டும்? தென்னமெரிக்கச் சிலந்திக் குரங்குக்கும் கட்டைவிரல் இல்லை, அதன் பெயர் ‘அட்டெலெஸ்’, நிறைவுறாதது. மனிதக் கையை அளவுகோலாக வைத்து மற்ற கைகளை அளக்கிற பழக்கம் இது.

கருமந்தி: அளவுகோல் தப்பு என்பது சரி. ஆனால் பெயர் பொருத்தமில்லை என்பதற்காக அறிவியல் பெயரை மாற்ற விதியில் இடமில்லை. அப்புறம், குவெரேசா என்பது ஓர் இனம் மட்டும், கொலோபஸ் என்பது பல இனங்கள் சேர்ந்த பேரினம், அதில் இன்னும் நான்கு இனங்கள் இருக்கின்றன. அவற்றை என்னவென்று எழுதுவீர்கள்?

கடலோரம்: நடுவில் வருகிறேன். கென்யாவில் டயானி கடற்கரைப் பக்கம் இருப்பது அங்கோலா கொலோபஸ். சுவாஹிலியில் ம்பேகா என்பார்கள். வண்டியில் அடிபடாமல் இருக்க சாலைக்கு மேலே கயிற்று ஏணி கட்டியிருக்கிறார்கள், அதில்தான் கடக்கும்.

வேர்ச்சொல்: நன்றி அண்ணா. ஐந்துக்கும் சேர்த்துச் சொல்லும்போது கொலோபஸ் இருக்கட்டும், கருமந்தி கேட்டது நியாயம். தனித்தனியாக எழுதும்போது எத்தியோப்பியாவில் இருப்பதைக் குவெரேசா என்றும் டயானியில் இருப்பதை ம்பேகா என்றும்தான் எழுதுவேன்.

கருமந்தி: எழுதுங்கள். முதல் வரியிலேயே கொலோபஸ் என்றும் ஒரு தடவை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது.