மஞ்சள் மண்டிக்கு எழுதிய எடைச் செயலி: சாளரம் உறைகிறது, பதிவுகள் மறைகின்றன, பைசா ஒத்துவரவில்லை

கேள்வி: பெருந்துறை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் என் பெரியப்பாவுக்காக இந்த விடுமுறையில் ஒரு மேசைக்கணினிச் செயலி எழுதினேன். விவசாயிகள் கொண்டுவரும் விரலி, கிழங்கு மூட்டைகளின் எடையை மின்னணுத் தராசிலிருந்து நேரடியாக வாங்கி, சாக்குக் கழிவு போக நிகர எடைக்குத் தொகை போட்டுச் சீட்டு அச்சிடுவது அதன் வேலை. மொழி பைத்தான், சாளரத்துக்கு டிகின்டர், தரவுக்கு எஸ்கியூலைட், தராசு யூ.எஸ்.பி. மாற்றி வழியாக சீரியல் போர்ட்டில் இணைந்திருக்கிறது. என் மடிக்கணினியில் பைத்தான் கோப்பாகவே ஓட்டுகிறேன். மண்டிக் கணினியில் பைஇன்ஸ்டாலர் என்ற கருவி கொண்டு ஒரே கோப்பாகக் கட்டிய எக்ஸ்இ (பைத்தானைத் தனியாக நிறுவாமலே ஓடும் கோப்பு) ஓடுகிறது.

மூன்று சிக்கல்களில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். முதலாவது, "எடை எடு" பொத்தானை அழுத்தியதும் சாளரம் வெளிறிப்போய், தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வருகிறது. மூட்டையைத் தராசில் ஏற்றி எடை வந்த பிறகுதான் உயிர் பெறுகிறது. இரண்டாவது, மண்டியில் நேற்று மாலை வரை இருந்த பதிவுகள் அனைத்தும் காலையில் திறந்தால் காணாமல் போய்விடுகின்றன; என் மடிக்கணினியில் ஒருநாளும் இப்படி நடக்கவில்லை. தரவுக் கோப்பை நிரல் இருக்கும் அடைவிலேயே வைக்குமாறு, நிரலின் சொந்தப் பாதையைக் கேட்டு அதனுடன் பெயரைச் சேர்த்திருக்கிறேன். மூன்றாவது, நாற்பது மூட்டைக்கு மேல் உள்ள சீட்டுகளில் என் கூட்டுத்தொகைக்கும் கணக்குப்பிள்ளை கையால் எழுதும் பேரேட்டுக்கும் சில பைசாக்கள் வேறுபடுகின்றன. பெரியப்பா பைசாவைப் பெரிதாக எண்ணவில்லை என்றாலும், சீட்டும் பேரேடும் ஒத்துவராத செயலியை நம்ப முடியாது என்று கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள்.

மறுமொழி 1: கோவை நிரலர்

வணக்கம். முதல் சிக்கலை முழுமையாக எடுத்துக்கொள்கிறேன்; சாளரச் செயலி எழுதத் தொடங்கும் பெரும்பாலோர் முதலில் இடறும் கல் இதுதான்.

நீங்கள் இதுவரை எழுதிய பயிற்சி நிரல்கள் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடுபவை. சாளரச் செயலி அப்படியன்று. மெயின்லூப் என்ற சுழற்சி இடைவிடாமல் சுற்றிக்கொண்டு, சுட்டி சொடுக்கப்பட்டதா, விசை அழுத்தப்பட்டதா, சாளரத்தை மறுபடி வரைய வேண்டுமா என்று வரிசையில் நிற்கும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து உரிய செயற்கூற்றை (ஒரு வேலைக்கென எழுதிய நிரல் பகுதியை) அழைக்கிறது. அந்தச் செயற்கூறு திரும்பி வரும்வரை அடுத்த நிகழ்வை அது தொடாது. உங்கள் மண்டியில் சீட்டு எழுதுவதற்கும் தொலைபேசி எடுப்பதற்கும் வருகிறவர்களை வரவேற்பதற்கும் ஒரே ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தராசின் பக்கத்தில் நிறுத்தி, மூட்டை வரும்வரை நகரக்கூடாது என்று சொன்னால் மற்ற வேலைகள் எல்லாம் அப்படியே நின்றுபோகும். உங்கள் பொத்தானின் செயற்கூறு, ஒரு வரியைப் படிக்கும் ரீட்லைன் அழைப்பைக் கொண்டு தராசுக்காகக் காத்திருக்கிறது என்றே ஊகிக்கிறேன். சீரியல் போர்ட்டைப் படிக்க உதவும் பைசீரியல் தொகுதியில் நேர வரம்பு கொடுக்காவிட்டால், வரி முழுமையாக வரும்வரை அந்த அழைப்பு எவ்வளவு நேரமானாலும் திரும்பாது. ஒரு சாளரம் ஐந்து நொடிகள் தன் நிகழ்வு வரிசையைப் பார்க்காவிட்டால், விண்டோஸ் அதைப் பதிலளிக்காத செயலி என்று கருதி வெளிறிய நகல் சாளரம் ஒன்றை அதன் மேல் போர்த்திவிடுகிறது. நீங்கள் காண்பது அதைத்தான்.

தீர்வு, காத்திருப்பதை விட்டுவிட்டு அவ்வப்போது எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புவதே. டிகின்டரில் ஆஃப்டர் என்ற அழைப்பு இருக்கிறது. நூறு மில்லிநொடி கழித்து இந்தச் செயற்கூற்றை அழை என்று அதனிடம் சொல்லிவைக்கலாம். அந்தச் செயற்கூறு, போர்ட்டில் வந்து நிற்கும் எழுத்துகளின் எண்ணிக்கையை இன்வெயிட்டிங் என்ற பண்பில் பார்த்து, இருந்தால் அவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு, மறுபடி ஆஃப்டரில் தன்னையே பதிவு செய்துவிட்டு உடனே திரும்ப வேண்டும். அங்கே செயற்கூற்றின் பெயரை மட்டும் கொடுங்கள்; பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டால், பிறகு அழைக்கச் சொல்வதற்குப் பதிலாக அந்தக் கணமே அழைத்துவிடுவீர்கள், அது தன்னைத்தானே ஓயாமல் அழைத்துக்கொண்டு பிழையில் போய் நிற்கும். நிரலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் ஸ்லீப் என்ற அழைப்பைச் சாளரச் செயலியின் முதன்மை இழையில் (மெயின்லூப் சுற்றும் ஓட்டத்தில்) எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இப்படி எட்டிப்பார்க்கும்போது வரி பாதியாகவே கையில் கிடைக்கக்கூடும். தராசு 57.35 என்று அனுப்பும்போது முதல் முறை "5" மட்டும் வந்து, அடுத்த முறை "7.35" வரலாம். வந்ததை வந்தபடியே எண்ணாக மாற்றினால் ஐம்பத்தேழு கிலோ மூட்டைக்கு ஏழு கிலோ என்று சீட்டு விழும். ஒரு பருவம் முழுவதும் பாடுபட்டு விளைவித்தவரின் பணம் அது. ஆகவே வரும் எழுத்துகளை ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே வந்து, வரி முடிவுக் குறி கண்ட பிறகே ஒரு முழு வரியைப் பிரித்தெடுங்கள். தராசு அசைந்துகொண்டிருக்கும்போது வரும் எடையையும் ஏற்கக் கூடாது. சில தராசுகள் எடை நிலைத்துவிட்டதைக் காட்டும் எழுத்தை ஒவ்வொரு வரியிலும் சேர்த்தே அனுப்பும்; உங்கள் தராசின் கையேட்டில் அது உண்டா என்று பாருங்கள். இல்லையெனில், தொடர்ந்து சில முறை ஒரே எடை வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கலில், கமிட் செய்ய (சேர்த்ததைக் கோப்பில் நிலையாக்கச் சொல்ல) மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பைத்தானின் எஸ்கியூலைட் தொகுதி, பதிவைச் சேர்க்கும்போது தானாகவே ஒரு பரிமாற்றத்தைத் தொடங்கும். கமிட் சொல்லாமல் மூடினால் சேர்த்தவை அனைத்தும் போய்விடும். பைசா வேறுபாட்டுக்குக் காரணம் மிதவைப் புள்ளி எண்களாக (பின்ன எண்களைக் கணினி தோராயமாக வைக்கும் முறை) இருக்கலாம்.

மறுமொழி 2: பல்லடம் தறிக்காரர்

கோவை அண்ணா சாளரத்தைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கமிட் பற்றிய ஊகத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கமிட் விடுபட்டிருந்தால் அம்மணியின் மடிக்கணினியிலும் பதிவுகள் மறைந்திருக்க வேண்டும். அங்கே நிற்கின்றன, மண்டியில் நிற்கவில்லை என்பதால், இரண்டு இடத்துக்கும் எது வேறுபடுகிறதோ அதில்தான் காரணத்தைத் தேட வேண்டும். வேறுபடுவது எக்ஸ்இ.

பைஇன்ஸ்டாலர் கட்டும் ஒற்றைக் கோப்பு உண்மையில் ஒரு பொட்டலம். அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், உள்ளே இருக்கும் அனைத்தையும் விண்டோஸின் தற்காலிக அடைவில் புதிதாக ஓர் அடைவை உருவாக்கி அங்கே பிரித்துவைத்து, அங்கிருந்தே நிரலை ஓட்டுகிறது. செயலியை மூடும்போது அந்த அடைவை அழித்துவிடுகிறது. "நிரல் இருக்கும் இடம் எது" என்று நீங்கள் கேட்கும்போது கிடைக்கும் விடை அந்தத் தற்காலிக அடைவுதான். தரவுக் கோப்பு அங்கே உருவாகி, அன்று முழுவதும் ஒழுங்காக வேலை செய்து, மாலையில் மூடும்போது அடைவோடு சேர்ந்து அழிகிறது. நானும் விசைத்தறிக் கூலிக் கணக்குக்கு ஒரு செயலி எழுதி, ஒரு வாரப் பாவுக் கணக்கை இதே வழியில் இழந்து, தறிக்காரர்களிடம் மறுபடி ஒவ்வொரு மீட்டராகக் கேட்டு எழுதினேன். அதனால்தான் இதை உடனே அடையாளம் காண முடிகிறது.

சரி, எக்ஸ்இ இருக்கும் அடைவிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் பாதுகாப்பில்லை. செயலியை யாராவது புரோகிராம் ஃபைல்ஸ் அடைவில் வைத்தால், விண்டோஸ் விஸ்டா முதல் சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. அடைவு எதையும் குறிப்பிடாமல் வெறும் கோப்புப் பெயரைக் கொடுப்பதும் தவறு. குறுக்குவழியிலிருந்து திறந்தால் ஓரிடத்திலும், நேரடியாகச் சொடுக்கித் திறந்தால் வேறிடத்திலும் கோப்பு உருவாகும். செயலிகள் தங்கள் தரவை வைப்பதற்கென விண்டோஸ் வைத்திருக்கும், பயனரின் லோக்கல் ஆப்டேட்டா அடைவில் உங்கள் செயலியின் பெயரில் ஓர் அடைவை உருவாக்கி அதில் வையுங்கள். அதன் முழுப் பாதையைச் சாளரத்தின் அடியில் சிறிய எழுத்தில் காட்டிவிட்டால், கோப்பு எங்கே இருக்கிறது என்று நாளை யாரும் தேட வேண்டியிருக்காது. நாள்தோறும் பென்டிரைவில் நகலெடுப்பதற்கு, கோப்பு திறந்திருக்கும்போது விண்டோஸில் இழுத்துப்போடாமல், எஸ்கியூலைட் இணைப்பிலேயே உள்ள பேக்கப் அழைப்பைப் பயன்படுத்துங்கள்; பைத்தான் 3.7 முதல் அது இருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு செய்தி. கருப்புத் திரை தெரிய வேண்டாம் என்று கட்டும் எக்ஸ்இயில் பிழைச் செய்திகள் எங்கேயும் தெரியாது. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். டிகின்டரில் பிழைகளைப் பெறும் ரிப்போர்ட் கால்பேக் எக்ஸெப்ஷன் என்ற வாயிலை நீங்களே எழுதி, பிழை முழுவதையும் ஒரு பதிவேட்டுக் கோப்பில் எழுதவும், பயனருக்கு ஒரு சிறு அறிவிப்பைக் காட்டவும் செய்யுங்கள். மண்டிக் கணினி விண்டோஸ் 7 ஆக இருந்தால், அதற்கு ஆதரவளித்த கடைசிப் பதிப்பு பைத்தான் 3.8 என்பதையும், 32 பிட் கணினியில் 64 பிட் எக்ஸ்இ ஓடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

மறுமொழி 3: பொள்ளாச்சி ஆசிரியை

பைசா வேறுபாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மிதவைப் புள்ளி எண்ணில் 0.1 என்பதைத் துல்லியமாக வைக்க முடியாது என்பதும், 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.3 உடன் சமமாகாது என்பதும் உண்மையே. ஆனால் அந்தப் பிழை ஏறக்குறைய பதினாறாவது இலக்கத்தில் வருவது. நாற்பது மூட்டைகளைக் கூட்டியதால் அது சில பைசாவாக வளர்ந்துவிடாது. உங்கள் வேறுபாடு முழுமையாக்கும் இடத்தில் இருந்து வருகிறது என்றே எண்ணுகிறேன்.

ஒரு மூட்டை நிகரம் 57.35 கிலோ, விலை குவிண்டாலுக்கு 13,245 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். தொகை 7,596.0075 ரூபாய். கணக்குப்பிள்ளை ஒவ்வொரு மூட்டைக்கும் 7,596.01 என்று பைசாவுக்கு முழுமையாக்கி எழுதி, பிறகு கூட்டுகிறார். நீங்கள் அநேகமாக முழு எடையையும் கூட்டிவிட்டு இறுதியில் ஒருமுறை முழுமையாக்குகிறீர்கள். இதே எடையில் நாற்பது மூட்டைகள் இருந்தால் அவருடைய கூட்டு 3,03,840.40, உங்களுடையது 3,03,840.30, பத்துப் பைசா வேறுபாடு, இருவர் கணக்கிலும் பிழையில்லை. எந்த முறை என்பதை நிரலர் தீர்மானிக்கக் கூடாது. மண்டியின் வழக்கத்தைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு, அதையே நிரலில் எழுத வேண்டும்.

பைத்தானின் ரவுண்ட் அழைப்பையும் கவனியுங்கள். சரிபாதியாக வரும்போது அது அருகில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போகும்; 2.5 ஐக் கொடுத்தால் 3 வராது, 2 தான் வரும். பேரேட்டில் பாதி வந்தால் மேலே ஏற்றுவதே நம் வழக்கம். டெசிமல் தொகுதியில் பாதியை மேலேற்றும் முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தரவுக் கோப்பில் எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்களாக வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் புள்ளி வைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்: பெருந்துறை மாணவி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பல்லடம் அண்ணா சொன்னபடி தரவுக் கோப்பை இடம் மாற்றினேன். இரண்டு நாள் பதிவுகள் அப்படியே நிற்கின்றன. டீச்சர் சொன்னது முற்றிலும் சரி: கணக்குப்பிள்ளை மூட்டைக்கு மூட்டை முழுமையாக்குகிறார். அவர் முறையை எழுதிய பிறகு பழைய சீட்டுகள் பன்னிரண்டும் பேரேட்டோடு ஒத்துவந்தன. அவர் தாமே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

சாளரமும் இப்போது உறையவில்லை. ஆனால் புதிதாக ஒன்று: "எடை எடு" பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டால் ஒரே மூட்டை இரண்டு மூன்று தடவை பதிவாகிறது.

மறுமொழி 4: கோவை நிரலர்

கமிட் விஷயத்தில் பல்லடம் நண்பர் என்னைத் திருத்தியது சரியே. இரண்டு கணினிகளுக்கும் உள்ள வேறுபாட்டை நான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஓர் ஆஃப்டர் சங்கிலி புதிதாகத் தொடங்குகிறது; பழையது நிற்பதில்லை. மூன்று முறை அழுத்தினால் மூன்று சங்கிலிகள் ஒரே போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். செயலி திறந்ததும் ஒரே ஒரு சங்கிலியைத் தொடங்கி, எடையைத் திரையில் எப்போதும் காட்டிக்கொண்டிருக்கச் செய்யுங்கள். பொத்தானின் வேலை, அந்தக் கணத்தில் நிலைத்து நிற்கும் எடையைப் பதிவு செய்வது மட்டுமாக இருக்கட்டும். பதிவு செய்ததும் பொத்தானை முடக்கி, தராசு சுழிக்குத் திரும்பிய பிறகே மறுபடி இயக்குங்கள். அப்போது இறக்காத மூட்டையை யாரும் இரண்டாம் முறை பதிய முடியாது. ஆஃப்டர் திருப்பித் தரும் அடையாளத்தை வைத்துக்கொண்டு, சாளரத்தை மூடும்போது முதலில் ஆஃப்டர் கேன்சல், பிறகு போர்ட்டை மூடுதல், கடைசியில் சாளரத்தை அழித்தல் என்ற வரிசையில் செய்யுங்கள். சீட்டு அச்சிடுவது நேரம் எடுத்தால் அதைத் தனி இழையில் (முதன்மை இழையோடு கூடவே ஓடும் இன்னொரு ஓட்டத்தில்) ஓட்டலாம். ஆனால் அந்த இழையிலிருந்து டிகின்டர் பொருள் எதையும் தொடாமல், முடிவை ஒரு கியூவில் (இழைகளுக்கு இடையே தரவைக் கைமாற்றும் வரிசையில்) போட்டுவிட்டு, முதன்மை இழையின் ஆஃப்டர் செயற்கூறே அதை எடுத்துத் திரையில் காட்டட்டும். எஸ்கியூலைட் இணைப்பும் எந்த இழையில் திறந்ததோ அந்த இழையிலேயே பயன்பட வேண்டும்.