மீண்டும் கட்டப்பட்டது பழையது ஆகுமா? ஜப்பான் பயணம் குறித்து ஓர் ஐயம்

நெடுவழி:
அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பர் பிற்பாதியில் அம்மாவை அழைத்துக்கொண்டு பத்து நாள் ஜப்பான் செல்லவிருக்கிறேன். அம்மாவுக்குப் பழைய கோயில்கள் என்றால் உயிர். எனக்கு மலையும் கடலும் வேண்டும். இடங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் குழப்பம் வந்தது. கியோட்டோவில் பொன் வேய்ந்த கின்ககுஜி மண்டபம் 1950-இல் ஓர் இளந்துறவி வைத்த தீயில் எரிந்துபோய், 1955-இல் மீண்டும் எழுப்பப்பட்டதாம். ஒசாகா கோட்டையின் நடுமாளிகை 1931-இல் கான்கிரீட்டால் கட்டப்பட்டது. அப்படியானால், உண்மையிலேயே பழையது என்று அம்மாவுக்கு எதைக் காட்டுவது? அவருக்கு முழங்கால் வலி உண்டு, செங்குத்தான படிகள் ஆகாது என்பதையும் மனத்தில் கொண்டு வழி சொல்லுங்கள்.

தூண்நிழல்:
வணக்கம். தயங்காமல் நாராவுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். கியோட்டோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். பெரும்பாலோர் காலையில் வந்து, மான்களுக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டு, தோதாய்ஜியின் பெரிய புத்தரை வணங்கி மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அம்மா விரும்பக்கூடிய ஹோர்யூஜி கோயில் அவர்களுக்குத் தப்பிவிடுகிறது.

நாரா நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட ரயில் பயணத்தில் இருக்கும் ஹோர்யூஜிதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. 607-இல் நிறுவப்பட்டு, 670-இல் எரிந்து, அதன்பின் எழுப்பப்பட்ட அதன் மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும் உலகில் இன்று நிற்கும் மரக்கட்டடங்களிலேயே மிகப் பழையவை. கோபுரத்தின் நடுத்தூணில் உள்ள மரவளையங்களை ஆராய்ந்தபோது, அந்த மரம் 594-இல் வெட்டப்பட்டது எனத் தெரியவந்தது. சுற்றுப் பிரகாரத்துத் தூண்கள் நடுவில் சற்றே பருத்தும் மேலே மெலிந்தும் இருப்பதை அருகில் நின்று பாருங்கள். நான் சென்ற அன்று அந்தப் பிரகாரத்தில் பத்துப் பேர்கூட இல்லை; வெயில் சாய்ந்து தூண்களின் நிழல் நீளும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தோதாய்ஜியைப் பொறுத்தவரை, இப்போதுள்ள மண்டபம் 1709-இல் முடிக்கப்பட்டது. முதலில் இருந்ததைவிட அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. 752-இல் அங்கே புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் கையிலிருந்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அவற்றைப் பிடித்துக்கொண்டு கண் திறப்பில் பங்குகொண்டார்கள். சிலையின் முன் நிற்கும்போது இதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். வெளியே தெற்கு வாசலின் இருபுறமும் எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மரத்தாலான காவல் உருவங்கள் 1203-இல் செய்யப்பட்டவை, அவை அசல்.

மலைமுகடு:
மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'அசல்' என்ற சொல்லை ஜப்பானில் நம் அளவுகோலால் அளக்க வேண்டாம் என்பேன். இசே பெருங்கோயிலை 690 முதல், இடையில் சில காலம் தடைப்பட்டாலும், இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே வடிவில் புதிதாகக் கட்டி வருகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள், அடுத்தது 2033-இல். பழைய கோயிலின் தூண்களும் வீணாவதில்லை. கோயிலுக்குள் நுழையும் வழியிலுள்ள உஜி பாலத்தின் இருமுனைகளிலும் தோரணவாயிலாக நிற்பவை அவ்வாறு வந்தவைதான். அங்கே பழையது என்பது மரம் அன்று, தச்சர்களின் கைத்திறன். ஆயினும் வேலிக்கு வெளியே நின்றுதான் வணங்க முடியும், கூரையைத் தவிர அதிகம் தெரியாது என்பதால் முதற்பயணத்தில் அம்மாவுக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஹிமேஜி கோட்டை 1609-இன் அசல் கட்டடம், பேரழகு. ஆனால் உள்ளே காலணியைக் கழற்றிவிட்டு ஏணிபோன்ற படிகளில் ஏற வேண்டும். அம்மா வெளித்தோட்டத்தில் இருந்து பார்க்கட்டும். மலை வேண்டும் என்ற உங்களுக்கு ஷிரகாவாகோ கிராமத்தைச் சொல்வேன்: கைகூப்பியதுபோல் செங்குத்தாகச் சரிந்த புல்வேய்ந்த கூரைகள், அவற்றின் பரண்களில் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்த குடும்பங்கள், சுற்றிலும் மலைகள். கனசாவாவிலிருந்து பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். ஊருக்குள் நடப்பதும் பெரும்பாலும் சமதளம்தான்.

கரைமணல்:
தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் நிறைவடைய வேண்டுமென்றால் மியாஜிமா தீவுக்குச் செல்லுங்கள். ஹிரோஷிமா அருகில் கரையிலிருந்து படகில் பத்து நிமிடம். கடலுக்குள் நிற்கும் செந்நிறத் தோரணவாயில் 1875-இல் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ பதினாறு மீட்டர் உயரம். அதன் கால்கள் கடலடியில் ஆழப் புதைக்கப்படவில்லை, மேல் உத்தரத்துக்குள் கற்களை நிரப்பி, தன் எடையாலேயே அலையைத் தாங்கி நிற்கச் செய்திருக்கிறார்கள். கோயில் பிரகாரத்தின் தரைப்பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். நீர் ஏறும்போது அந்த அழுத்தம் பலகையைப் பெயர்க்காமல் இருப்பதற்காக அப்படி விட்டார்கள். ஓத நேரத்தில் அந்த இடைவெளி வழியே கடல் அசைவது தெரியும்.

நெடுவழி:
மூவருக்கும் நன்றி. ஹோர்யூஜி, தோதாய்ஜி, மியாஜிமா மூன்றும் உறுதி. ஷிரகாவாகோ நாள் இருந்தால். கரைமணல் ஐயா, மியாஜிமாவுக்கு ஹிரோஷிமாவிலிருந்து அரை நாள் போய் வந்தால் போதாதா?

கரைமணல்:
போதாது. அரை நாளில் நீர் ஏறியதையோ வடிந்ததையோ ஒன்றைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். ஓத அட்டவணையில் நீர்மட்டம் 250 செ.மீ.க்கு மேல் இருந்தால் தோரணவாயில் மிதப்பதுபோல் தோன்றும், 100 செ.மீ.க்குக் கீழ் இறங்கினால் மணலில் நடந்து அதன் காலடிக்கே போகலாம். நாளைத் தேர்வதற்கு முன் அட்டவணையைப் பார்த்து, ஓர் இரவு தீவிலேயே தங்குங்கள். பகல் கூட்டம் படகேறிய பிறகு அம்மா கரையோரமாக அவசரமின்றி நடக்கலாம். மணலில் இறங்க அவருக்கு ஒரு மாற்றுக் காலணி மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்; ஈரம் காய நேரமாகும்.