மெத் நிறுத்திய பிறகு வரும் வெறுமை: உங்கள் அனுபவங்கள்

மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். மெத், அதாவது மெத்தாம்பெட்டமைன் என்கிற போதைப்பொருளை எடுத்துவிட்டு போதையோடு வருகிறவர்களைவிட, நிறுத்திய பிறகு வருகிறவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. "தொடறதே இல்ல சிஸ்டர், ஆனா பொணம் மாதிரி உட்கார்ந்திருக்கான்" என்று அம்மாக்கள் அழுவார்கள்.

ஒரு கல்லூரிப் பையன். அவன் அம்மா வஞ்சிரம் வறுத்து டப்பாவில் கொண்டுவந்திருந்தார். அவனுக்கு அது உயிர். இரண்டு துண்டு மென்று விழுங்கினான். "நல்லாருக்காடா?" "இருக்கும்மா." அவ்வளவுதான். அம்மா கிளம்பியதும் என்னிடம் சொன்னான்: "உப்பு தெரியுது, காரம் தெரியுது சிஸ்டர். சந்தோஷம் மட்டும் வரல."

திமிர் இல்லை அது. பிடித்ததைச் சாப்பிட்டால் மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் கொஞ்சம் சுரந்து, பக்கத்து நரம்பணுவில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் போய் ஒட்டும். வேலை முடிந்ததும் டிரான்ஸ்போர்ட்டர் என்கிற புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். கொக்கைன் அந்தப் பாதையை அடைக்கிறது. மெத் அதோடு விடாது. அதே பாதையில் உள்ளே புகுந்து, சேமிப்பில் இருக்கும் டோபமைனையும் வெளியே தள்ளுகிறது. கொக்கைன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். மெத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம். திருவிழாவுக்கு வாசலிலேயே குழாய் ஸ்பீக்கர் கட்டினால் ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவோம், அப்புறம் அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாலும் காதில் விழாது. அப்படித்தான் மூளையும் டி2 என்கிற வகை டோபமைன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. வஞ்சிரத்துக்குச் சுரக்கும் துளி டோபமைன் எங்கே போய்க் கேட்கும்?

இது ஊகம் இல்லை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் மூளைக்குள் நடப்பதைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். கொக்கைனை விட்டு மாதங்கள் ஆனவர்களுக்கும் டி2 ஏற்பிகள் குறைவாகவே இருந்தன என்று 1993ல் எழுதினார்கள். 2001ல் மெத் பழக்கம் உள்ளவர்களிடமும் அதே குறைவைக் கண்டார்கள். அதே வருடம் நல்ல செய்தியும் வந்தது: மெத்தை விட்டு ஒரு வருடம் தாண்டியவர்களுக்கு, குறைந்துபோன டிரான்ஸ்போர்ட்டர்கள் பெருமளவு திரும்பியிருந்தன. ஆனால் ஞாபகசக்தி, கை கால் வேகம் ஆகியவை அதே அளவுக்குத் தேறவில்லை. அதனால் மூன்றாம் மாதத்திலேயே "இன்னும் ஏன் இப்படி இருக்கே?" என்று கேட்டுவிடாதீர்கள்.

❖

அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே மெத்துக்கு ஐஸ் என்று பெயர். என் தம்பி தோலுக்குள் பூச்சி ஓடுகிறது என்று புருவம் பிடுங்கும் இடுக்கியால் முழங்கையைக் கிண்டிக் கிண்டிப் புண்ணாக்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் ஹாலோபெரிடோல் ஊசி போட்ட பிறகுதான் அடங்கினான். டி2 ஏற்பிகளை டோபமைன் அளவுக்கு மீறித் தூண்டியதால் வந்த மாயத்தோற்றம், இந்த மருந்து அந்த ஏற்பிகளை அடைக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார்.

விட்ட பிறகு முதலில் நாள்கணக்கில் நித்திரை. எழும்பினால் அகோரப் பசி. பிறகு ஒன்றிலும் பற்றில்லாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "இவன் திருந்தமாட்டான், சோம்பேறி" என்று அப்பா ஒவ்வொரு நாளும் ஏசுவார். நீங்கள் எழுதியதை நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்று ஏசவில்லை. அந்த ஏற்பிகளைக் கூட்டுவதற்கு ஏதும் குளிசை இருக்கிறதா?

❖

அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. யாராவது இருக்கிறது என்று விற்றால் வாங்காதீர்கள். ஒவ்வொரு முறை சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும்போதும் கையோடு ஒரு சின்னப் பரிசு தருகிற முறைக்குத்தான் ஆய்வுகளில் வலுவான பலன் தெரிகிறது. குழந்தைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் தூரத்தில் இருக்கும் நன்மைக்கு அசையாத மூளை உடனே கிடைப்பதற்கு அசைகிறது. அப்புறம் உடற்பயிற்சி. மெத்தை விட்டவர்கள் 8 வாரம் டிரெட்மில்லில் நடந்து, ஓடி, எடைப் பயிற்சியும் செய்ததில் டி2 ஏற்பிகள் கூடின என்று 2016ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். சாயங்காலம் அப்பாவையே தம்பியோடு நடக்கச் சொல்லுங்கள்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். போனில் பேச உங்கள் நாட்டில் 1926, இந்தியாவில் 14416.